குளிர்ந்த காற்றுப் பிளாஸ்மா: சிறு மின்சக்தியால் ஆவதும் ஆகாததும்

கவரைப்பேட்டையைச் சூழ்ந்த ஊர்களில் வாழும் நம் அங்கத்தினர்களிற் பாதிப்பேர் தறியை நம்பியவர்கள். மறுபாதியினர் நெல்லையும் வேர்க்கடலையையும் நம்பியவர்கள். இவ்விரு சாராரையும் ஒருங்கே கவரத்தக்க துண்டறிக்கை ஒன்றை அங்கத்தினர் ஒருவர் அண்மையில் நம்மிடம் கொணர்ந்து காட்டினார். உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியாம். அதற்கு 3 வாட் மின்சக்தியே போதுமாம். அதன் முனையில் ஊதா நிறச் சுடர் ஒன்று தோன்றுமாம். அச்சுடரில் விரலை நீட்டினாலும் சுடாதாம். அதனைக் கொண்டு விதைகளை நோயின்றி முளைக்கச் செய்யலாம், காடாத் துணியைக் கஞ்சி நீக்காமலே சாயமேற்றலாம், கிணற்று நீரை உரநீராக மாற்றலாம் என்றெல்லாம் அதில் கண்டிருந்தது. சங்கம் முன்பணம் செலுத்தினால் பத்துக் கருவிகள் வந்து சேருமென்றும் எழுதியிருந்தது.

இதனைப் பொய்யென்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் அது நேர்மையாகாது. ஏனெனில் குளிர்ந்த பிளாஸ்மா என்பது மெய்யான விஞ்ஞானம். சிறு சக்தியுள்ள நுண்ணலைகளால் அதனை உண்டாக்கிய ஆராய்ச்சியும் மெய்யே. மெய்யான ஒன்றின்மேல் மிகையான வாக்குறுதிகளை ஏற்றி விற்கும்பொழுதுதான் அங்கத்தினரின் பங்குப் பணத்திற்கு ஆபத்து நேர்கிறது. ஆதலின் இக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, அதனால் ஆவது எவ்வளவு, ஆகாதது எது என்பவற்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். கூட்டலும் பெருக்கலும் அறிந்த எவரும் இறுதிவரை பின்தொடரலாம்.

பிளாஸ்மா என்பது யாது?

பனிக்கட்டியைச் சூடாக்கினால் நீராகிறது. நீரைச் சூடாக்கினால் ஆவியாகிறது. வாயு நிலையிலுள்ள பொருளுக்கு மேலும் சக்தியை ஊட்டினால் அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து வெளிப்படுகின்றன. எலெக்ட்ரானை இழந்த அணுவை அயனி என்பர். இவ்வாறு எலெக்ட்ரான்களும் அயனிகளும் கலந்து, மின்சாரத்தைக் கடத்தவல்லதாய், ஒளிவிடும் வாயுவே பிளாஸ்மா. இப்பெயரை 1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் வழங்கினார். அதற்கு முன்பே, 1920இல், நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத சாகா, எவ்வளவு வெப்பத்தில் எந்த வாயு எவ்வளவு அயனியாகும் என்பதைக் கணக்கிடும் சமன்பாட்டை வெளியிட்டிருந்தார். விண்மீன்களின் ஒளியைப் படித்தறிய அச்சமன்பாடு இன்றளவும் பயன்படுகிறது.

பிளாஸ்மாவைக் காண நாம் விண்மீனுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஐப்பசியில் பழவேற்காட்டுத் திசையிலிருந்து எழும் மழைமேகத்தின் மின்னல் ஒரு பிளாஸ்மா. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் வெல்டிங் செய்வோர் கறுப்புக் கண்ணாடி அணிந்து நோக்கும் சுடரும் பிளாஸ்மாவே. நம் வீட்டுக் கூடத்திலுள்ள குழல்விளக்கின் உள்ளே ஒளிர்வதும் அதுவே.

இம்மூன்றனுள் ஒரு வேற்றுமையைக் காண்க. மின்னல் விழுந்தால் பனைமரம் கருகுகிறது. வெல்டிங் சுடர் இரும்பை உருக்குகிறது. குழல்விளக்கையோ எரியும்பொழுதே கையால் தொடலாம். முன்னைய இரண்டும் சூடான பிளாஸ்மா; பின்னையது குளிர்ந்த பிளாஸ்மா.

குளிர்ந்த பிளாஸ்மா நம் வட்டாரத்திற்குப் புதியதுமன்று. வடசென்னை அனல்மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து எழும் புகையினின்றும் சாம்பலைப் பிரிக்கும் நிலைமின் வடிகட்டிகள் உள்ளன. பல்லாயிரம் வோல்ட் அழுத்தமேற்றிய கம்பிகளைச் சுற்றித் தோன்றும் மெல்லிய மின்னொளிர்வு சாம்பல் துகள்களுக்கு மின்னூட்டம் அளிக்கிறது. அவை தகடுகளிற் சென்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்வொளிர்வும் காற்றில் உண்டாகும் குளிர்ந்த பிளாஸ்மாவே.

சுடாமல் எவ்வாறு ஒளிர்கிறது?

காற்றிலுள்ள ஒரு நைட்ரஜன் மூலக்கூறு, ஓர் எலெக்ட்ரானைப்போல் ஏறத்தாழ 51,000 மடங்கு கனமுடையது. எருமையின்மீது கடுகு ஒன்றை எறிந்தால் எருமை அசைவதில்லை. கடுகுதான் துள்ளித் தெறிக்கிறது. அதுபோல் மின்விசையால் உந்தப்பட்ட எலெக்ட்ரான்கள் வேகம்பெற்று ஓடுகின்றன. கனத்த மூலக்கூறுகளோ ஏறக்குறைய இருந்தபடியே இருக்கின்றன. சாதாரண மோதலொன்றில் எலெக்ட்ரான் தன் சக்தியில் ஏறத்தாழ 25,000இல் ஒரு பங்கையே மூலக்கூறுக்குக் கொடுக்கிறது.

ஆகவே ஒரே வாயுவில் இருவேறு வெப்பநிலைகள் நிலவுகின்றன. குழல்விளக்கின் உள்ளே எலெக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரிக்கும் மேல். வாயுவோ நம் உடற்சூட்டை ஒத்தது. எலெக்ட்ரான்கள் தொகையில் மிகக் குறைவாதலின் கண்ணாடிக் குழலைச் சுடவைக்க அவற்றால் இயலவில்லை. ஆயினும் மூலக்கூறுகளை உடைத்துப் புதிய பொருள்களை உண்டாக்க அவ்வேகம் போதும். அடுப்பில்லாமலே அடுப்பின் இரசாயனத்தை நிகழ்த்துவதுதான் குளிர்ந்த பிளாஸ்மாவின் சிறப்பு.

இங்கு ஓர் இடையூறு உண்டு. குழல்விளக்கினுள் வாயு மிக அடர்த்தி குன்றியது. நம்மைச் சூழ்ந்த காற்றிலோ ஒரு கன சென்டிமீட்டரில் 2.5 கோடி கோடி இலட்சம் மூலக்கூறுகள் நெருங்கியுள்ளன. எலெக்ட்ரான் ஒன்று நொடிக்கு இலட்சம் கோடி முறை அளவில் மோதுகிறது. ஒரு மோதலிற் கொடுப்பது சிறிதேயாயினும் மோதல்கள் மிகுந்தால் காற்றும் விரைவிற் சூடேறும். சூடேறிய இடத்தில் காற்று லேசாகி, மின்சாரம் அவ்வழியே மேலும் பாய்ந்து, குளிர்ந்த ஒளிர்வு கண்ணிமைக்கும் முன் வெல்டிங் சுடராக மாறிவிடும். திறந்த காற்றில் பிளாஸ்மாவைக் குளிர்ச்சியாகவே நிறுத்துவதுதான் விஞ்ஞானிகளின் முன்னிருந்த சிக்கல்.

இதற்கு முதல் வழியை 1857இல் ஜெர்மானியரான வெர்னர் பான் சீமென்ஸ் கண்டார். இரு மின்வாய்களுக்கிடையே கண்ணாடியை வைத்து மின்னோட்டம் பெருகாவண்ணம் தடுத்தார். நீரைத் தூய்மையாக்கும் ஓசோன் இயந்திரங்கள் இன்றும் அம்முறையையே தழுவியுள்ளன. இரண்டாவது வழி, நுண்ணலை.

நுண்ணலையின் பங்கு

நுண்ணலை எனப்படும் மைக்ரோவேவ், வானொலி அலையின் இனத்தைச் சேர்ந்தது; திசை மாறும் வேகத்தில் அதனினும் மிக்கது. 1890களிலேயே ஜகதீச சந்திர போஸ் கல்கத்தாவில் மில்லிமீட்டர் அளவினவான அலைகளை உண்டாக்கிச் சோதனைகள் செய்து காட்டினார். 1940இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் ராண்டல், பூட் என்னும் இருவர் மாக்னெட்ரான் குழலைச் சீர்ப்படுத்திப் பெரும் சக்தியுள்ள நுண்ணலைகளைப் பெற்றனர். இன்று வீடுகளிலுள்ள மைக்ரோவேவ் அடுப்பு அக்குழலின் வழித்தோன்றல். அதன் அலை நொடிக்கு 245 கோடி முறை சுழல்கிறது.

இவ்வேகத்தால் விளையும் நன்மை யாது? ஒரே திசை மின்சாரத்தில் எலெக்ட்ரான் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிச் சேர்கிறது. கனத்த அயனிகள் எதிர்முனையைச் சம்மட்டிபோல் அடிக்கின்றன. முனை தேய்கிறது, சூடேறுகிறது. நுண்ணலையிலோ எலெக்ட்ரான் ஒருபுறம் புறப்பட்டவுடனே மறுபுறம் இழுக்கப்படுகிறது. அது நின்ற இடத்தைச் சுற்றியே அலைகிறது. முனையைச் சென்றடைவது அரிது. கனத்த அயனியோ இவ்வேகத்திற்கு அசையவே நேரமில்லை. ஆதலின் முனைகள் நெடுங்காலம் உழைக்கின்றன.

இனிச் சிறு சக்தியின் இரகசியத்தைக் காண்போம். காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியை மின்சாரம் தாண்ட ஏறத்தாழ 30,000 வோல்ட் வேண்டும். இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கினால் ஆயிரம் வோல்ட் அளவே போதும். ஆகவே முதல் உபாயம், இடைவெளியைத் தலைமயிர் நுழையும் அளவுக்குக் குறைத்தல்.

இரண்டாவது உபாயம் ஊஞ்சலின் உபாயம். ஊஞ்சலை ஒரு குழந்தையும் உயர ஆட்டலாம். ஒவ்வொரு முறையும் சரியான தருணத்தில் சிறிது தள்ளினாற் போதும். மின் அலைக்கும் இத்தகைய ஊஞ்சல் உண்டு. செம்பு வளையம் ஒன்றைச் செய்து, ஓரிடத்தில் மட்டும் வெட்டிவிடுவர். வளையத்தின் சுற்றளவு அலைநீளத்திற் பாதியாக அமைந்தால், ஒரு வெட்டுமுனை மேலேறும்பொழுது மறுமுனை கீழிறங்கும். சிறிய அலை உட்செலுத்தப்படினும் அது வளையத்தில் மீண்டும் மீண்டும் சேர்ந்து, வெட்டின் இருமுனைகளுக்கிடையே பெரும் மின்னழுத்தமாக எழுகிறது. அங்குள்ள காற்று ஒளிர்கிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள நார்த்ஈஸ்டர்ன் சர்வகலாசாலையில் பெலிப்பே இசா, ஜெப்ரி ஹாப்வுட் என்போர் இவ்வளையத்தை மின்சுற்றுப் பலகைமீது பதித்து, 2003இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் பயன்படுத்திய அலை நொடிக்கு 90 கோடி சுழற்சிகள் கொண்டது. வளையம் ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அளவினது. ஆர்கான் வாயுவிலும் காற்றிலும் பல்வேறு அழுத்தங்களில் 3 வாட்டுக்கும் குறைந்த சக்தியில் பிளாஸ்மா தானே பற்றிக்கொண்டது. வளிமண்டல அழுத்தத்தில் ஆர்கான் பிளாஸ்மா அரை வாட்டிலேயே நிலைத்து நின்றது. ஒரு வாட் சக்தியில் 24 மணி நேரம் தொடர்ந்து இயக்கிய பின்னும் கருவியிற் சேதம் காணப்படவில்லை. துண்டறிக்கையில் வந்த 3 வாட் இத்தகைய ஆராய்ச்சியிலிருந்தே இரவல் வாங்கப்பட்டிருத்தல் வேண்டும்.

அவ்விருவர் இதற்குக் கூறிய பயன்களையும் நோக்குக: நுண்ணிய பாகங்களைக் கிருமிநீக்குதல், சிற்றளவில் பொருள்களைப் பதப்படுத்துதல், கையடக்கமான இரசாயனப் பரிசோதனைக் கருவிகள். ஏக்கர்க் கணக்கான நிலமும் கெஜக் கணக்கான துணியும் அப்பட்டியலில் இல்லை.

ஆர்கான் வேறு, காற்று வேறு

மேற்கண்ட அரை வாட் என்னும் அளவு ஆர்கானுக்குரியது என்பதை அங்கத்தினர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். ஆர்கான் தனி அணுக்களாக உலவும் வாயு. அது சக்தியை வீண்போக்குவதில்லை. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதன் இரட்டை அணுக்கள் சுருள்வில்லால் இணைத்ததுபோல் அதிர்வன. எலெக்ட்ரானின் சக்தியை அவ்வதிர்வுகள் உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். ஐந்தில் ஒரு பங்கான பிராணவாயுவோ எலெக்ட்ரான்களைப் பிடித்துத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே காற்றுப் பிளாஸ்மாவுக்குச் சக்தி அதிகம் தேவை. அது சூடேறுவதும் எளிது.

காற்றுச் சுடரின் நடுப்பகுதி சில நூறு டிகிரியை எட்டுதலும் உண்டு. சுடர் மிகச் சிறிதாதலாலும், பலகை வெப்பத்தை இழுத்துக்கொள்வதாலும், மெல்லிய காற்றோட்டம் வெப்பத்தைப் பரப்பிவிடுவதாலும், சற்று எட்டியிருக்கும் பொருளுக்குக் குளிர்ந்ததாகத் தோன்றுகிறது. அலையை விட்டுவிட்டுச் செலுத்துதலும் சூட்டைக் குறைக்கும். இவற்றுள் எதுவும் தவறினால் குளிர்ச்சி நீங்கிவிடும். சக்தியைக் கூட்டிக் கூட்டிப் பெரிய சுடரைப் பெறலாம் என்பது எடுபடாது. சக்தி கூடக் கூட அது குளிர்ந்த பிளாஸ்மா என்னும் பெயரை இழக்கும்.

துணிக்கும் பயிருக்கும் மெய்யான பயன்

காடாத் துணியின்மேல் ஒரு துளி நீரை விடுவோம். துளி முத்துப்போல் உருண்டு நிற்கும். பருத்தி நாரின்மேல் இயற்கையாக உள்ள மெழுகே அதற்குக் காரணம். காற்றுப் பிளாஸ்மா அம்மெழுகின் மேற்படலத்தை அரித்து, பிராணவாயு சேர்ந்த இரசாயனத் தொகுதிகளை நாரின் மேற்பரப்பில் பதிக்கிறது. அதன்பின் விடும் துளி உடனே பரவி உட்புகும். இது ஐயமற நிலைநாட்டப்பட்ட உண்மை.

இந்தியாவில் இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. குஜராத்தில் காந்திநகரை அடுத்துள்ள பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் 1986இல் நிறுவப்பட்டது. அங்குள்ள அறிஞர்கள், அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிலையத்தாருடன் சேர்ந்து, அங்கோரா முயலின் ரோமத்தை ஆராய்ந்தனர். அந்த ரோமம் மிக மென்மையானது. வழுவழுப்பு மிகுதியால் நூற்கும்பொழுது ஒன்றோடொன்று பற்றாது நழுவும். வளிமண்டல அழுத்தத்தில் உண்டாக்கிய பிளாஸ்மாவினூடே செலுத்தியபின் அதன் மேற்பரப்பு சற்றே சொரசொரப்படைந்து நூற்பதற்கு இணங்கிற்று. இமாசலப் பிரதேசத்தின் குலு வட்டாரத்து அங்கோரா உற்பத்தியாளருக்கு அம்முறை எடுத்துச் செல்லப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் நாம் கற்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அங்கே பயன்பட்டது சீமென்ஸ் வகுத்த வழியைச் சேர்ந்த, அகன்ற பரப்பில் ஒளிரும் மின்தடுப்பு முறை. ஊசிமுனைச் சுடர் அன்று. இரண்டாவது, அங்கோரா விலையுயர்ந்த ரோமம். கிலோ ஒன்றுக்கு ஆகும் கூடுதற் செலவை அது தாங்கும். நம் பருத்தி லுங்கியும் துண்டும் தாங்குமா என்பது வேறு கேள்வி.

கஞ்சியைப்பற்றிய வாக்குறுதியையும் நோக்குவோம். பிளாஸ்மாவின் செயல் மேற்பரப்போடு நின்றுவிடுவது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூற்றின் ஆழத்திற்கும் அது செல்வதில்லை. பாவுக்குப் போட்ட கஞ்சியோ இழையை உறைபோல் மூடி, உள்ளும் ஊறியுள்ளது. அதனைக் கரைத்துக் கழுவியே தீரவேண்டும்.

விதைகளைப் பொறுத்தமட்டில், விதைத்தோலின்மேலுள்ள பூஞ்சணங்களைப் பிளாஸ்மா குறைப்பதும், தோல் நீரை எளிதில் ஏற்பதும் பல ஆராய்ச்சிகளிற் கண்டவை. ஆயின் அளவு மீறினால் முளைப்பு குன்றும். நெல்லுக்கு ஏற்ற அளவு கடலைக்கு ஏற்றதன்று. புதுவிதைக்கு ஏற்றது பழவிதைக்கு ஒவ்வாது. நிலையான அளவு இதுவென்று எல்லா விதைக்கும் ஒருசேரக் கூறுவோரை நம்புதற்கில்லை.

மூன்று கணக்குகள்

இனிப் பென்சிலைக் கையிலெடுப்போம்.

முதற்கணக்கு, துணி. ஐந்தரை மீட்டர் நீளமும் ஒன்றேகால் கெஜ அகலமும் உள்ள புடவையின் பரப்பு ஏறத்தாழ 6 சதுர மீட்டர்; அதாவது 60,000 சதுர சென்டிமீட்டர். ஊசிமுனைச் சுடரைக் கொண்டு ஒரு சதுர சென்டிமீட்டரை ஒரு நொடியிற் பதப்படுத்திவிடலாம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு புடவைக்கு 60,000 நொடி. அஃதாவது 16 மணி 40 நிமிடம். பெரியபாளையத்தை அடுத்த ஆரணியின் நெசவாளர் ஒருவர் அந்நேரத்தில் தறியில் எவ்வளவு நெய்துவிடுவார் என்பதை எண்ணிப் பார்க்க.

இரண்டாங் கணக்கு, விதை. வேர்க்கடலைக்கு ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ விதைப்பருப்பு வேண்டும். ஒரு பருப்பின் எடை 0.4 கிராம் எனக் கொண்டால் 1,25,000 பருப்புகள். ஒவ்வொன்றுக்கும் 5 நொடி சுடரைக் காட்டினால் 6,25,000 நொடி. இரவு பகல் ஓயாது நின்றாலும் ஏழு நாட்களுக்கு மேலாகும். அதற்குள் நிலத்தின் ஈரம் போய்விடும்.

மூன்றாங் கணக்கு, உரநீர். இடிமின்னலோடு பெய்யும் மழைக்குப்பின் பயிர் பசுமை கூடுவதை உழவர் அறிவர். மின்னலின் பிளாஸ்மா, காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிராணவாயுவையும் இணைத்து மழைநீரில் நைட்ரேட்டாக இறக்குகிறது. இதே வழியை மனிதனும் கையாண்டான். நார்வே நாட்டில் பிர்க்லாண்டு, ஐடே என்னும் இருவர் மின்சுடரில் காற்றைச் செலுத்தி நைட்ரிக் அமிலம் செய்யும் ஆலையை நோட்டோடன் நகரில் 1905இல் இயக்கினர். நீர்வீழ்ச்சியின் மலிவான மின்சாரம் அவர்களுக்குக் கிட்டியது. அவ்வாறிருந்தும் ஒரு டன் அமிலத்திற்குச் சுமார் 15,000 யூனிட் செலவாயிற்று. 1913இல் ஜெர்மனியில் ஹேபர்-பாஷ் முறையில் அம்மோனியா செய்யத் தொடங்கியபின், சக்திச் செலவில் அதனோடு போட்டியிட இயலாமல் மின்சுடர் முறை காலப்போக்கில் கைவிடப்பட்டது.

ஒரு டன் நைட்ரிக் அமிலத்தில் சுமார் 222 கிலோ நைட்ரஜன் உண்டு. ஆகவே ஒரு கிலோ நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 68 யூனிட். நம் 3 வாட் கருவி ஆண்டு முழுவதும் அணையாது எரிந்தால் 26 யூனிட் சக்தியைத் தரும். நார்வே ஆலையைப்போல் திறமையாக இயங்கினும் கிடைப்பது சுமார் 390 கிராம் நைட்ரஜன். ஒரு கிலோ யூரியாவிலுள்ளதைக் காட்டிலும் குறைவு. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள சத்தைத் திரட்ட 53 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு 60 கிலோ நைட்ரஜன் பரிந்துரைக்கப்படுகையில் இக்கருவியை உரத்திற்கு மாற்று என்பது அங்கத்தினரை ஏமாற்றுதலேயாம்.

மூன்று கணக்குகளும் ஒன்றையே உணர்த்துகின்றன. சிறு சக்தி என்பது சிறு வேலை. ஒளிரும் சுடரைக் கண்டு மயங்காமல், எவ்வளவு பரப்புக்கு எவ்வளவு நேரம், எத்தனை யூனிட் என்று அளந்து கேட்பதே அறிவுடைமை.

அபாயங்கள்

துண்டறிக்கையைப் படித்த நம் அங்கத்தினர் வீட்டு இளைஞர் ஒருவர், “சித்தப்பா, பழைய மைக்ரோவேவ் அடுப்பைப் பிரித்தால் இதனை நாமே செய்துவிடலாமே” என்று கூறக் கேட்டோம். ஆர்வம் பாராட்டத்தக்கது, முயற்சி உயிரைப் போக்கத்தக்கது. இதனை ஒளிவுமறைவின்றி எழுதக் கடமைப்பட்டுள்ளோம்.

மைக்ரோவேவ் அடுப்பினுள் உள்ள மின்மாற்றி 2,000 வோல்ட் அளவில் மின்சாரம் தருவது. வீட்டு மின்சாரத்தைத் தொட்டுப் பிழைத்தோர் உளர். இதைத் தொட்டுப் பிழைத்தல் அரிது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளேயிருக்கும் கண்டென்சர் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதன் மாக்னெட்ரான் வெளியிடும் சக்தி 700 முதல் 1,000 வாட். நாம் பேசிய 3 வாட்டைப்போல் முந்நூறு மடங்கு. உறையின்றி வெளிப்பட்டால் கண்ணின் உட்பகுதி வெந்து புரை விழும். சில மாக்னெட்ரான்களிலுள்ள பீங்கானில் பெரிலியம் ஆக்சைடு இருக்கும். அது உடைந்த தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு.

திராட்சைப் பழத்தை இரண்டாகப் பிளந்து அடுப்பில் வைத்தால் சுடர் எழும் காட்சிப்படங்களைப் பலர் கண்டிருப்பர். அதன் காரணத்தைக் கனடாவிலுள்ள விஞ்ஞானிகள் 2019இல் விளக்கினர். பழத்திலுள்ள நீர் அலையைத் தன்னுள் சிறைப்படுத்தி, இரு துண்டுகள் தொடுமிடத்தில் குவிக்கிறது. அது சூடான பிளாஸ்மா. வீட்டில் செய்து பார்க்கத்தக்கதன்று.

90 கோடி சுழற்சி அலை நம் நாட்டில் கைத்தொலைபேசிக்கு உரிய வரிசையைச் சேர்ந்தது. உரிமமின்றி அவ்வலையைப் பரப்புதல் சட்டப்படி குற்றமாகும். மேலும், எந்தக் காற்றுப் பிளாஸ்மாவும் ஓசோனையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் உண்டாக்கும். பத்து இலட்சம் பங்கு காற்றில் ஓசோன் ஒரு பங்கிற் பத்தில் ஒன்று என்பதே தொழிலிடங்களுக்கு வகுக்கப்பட்ட உச்ச அளவு. சன்னல் சாத்திய தறிக்கூடத்தில் அக்காரமான வாசனை மூக்கில் ஏறினால், கருவியை அணைத்துக் கதவைத் திறத்தல் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கவை

பிளாஸ்மாக் கருவி எதனையும் வாங்குமுன் நிர்வாகக் குழுவினர் விற்பவரிடம் எழுத்துமூலம் விடைபெற வேண்டிய கேள்விகள் ஐந்து. சுடர் உண்டாவது காற்றிலா, ஆர்கானிலா? ஆர்கானெனில் சிலிண்டர்ச் செலவு யாருடையது? ஒரு சதுர மீட்டர்த் துணிக்கு அல்லது ஒரு கிலோ விதைக்கு எத்தனை நிமிடமும் எத்தனை யூனிட்டும் ஆகும்? பயன் எத்தனை நாள் நிற்கும்? ஓசோனை வெளியேற்ற என்ன ஏற்பாடு? நான்காம் கேள்வி முக்கியமானது. பிளாஸ்மா பெற்ற மேற்பரப்பு நாளடைவில் தன் தன்மையை இழக்கக்கூடும்.

விடைகளைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுவதில்லை. துணிக்குத் துளிச் சோதனை போதும். ஒரே சுருளிலிருந்து இரு துண்டுகளை வெட்டுக; ஒன்று பதப்படுத்தியது, மற்றது படுத்தாதது. இரண்டிலும் ஒரே உயரத்திலிருந்து ஒவ்வொரு துளி நீர் விட்டு, துளியின் பளபளப்பு மறையும்வரை நொடிகளை எண்ணுக. ஐந்தைந்து இடங்களிற் செய்து சராசரி காண்க. பதினைந்து நாள் கழித்து மீண்டும் செய்க. சோடா உப்பிட்டு வேகவைத்து அலசிய மூன்றாந் துண்டையும் உடன்வைத்து நோக்கினால், நம் சாயப்பட்டறைகளின் பழைய முறையைவிடப் புதியது எவ்வகையில் மேலானது என்பதும் விளங்கும்.

விதைக்கு முளைப்புச் சோதனை. பதப்படுத்தியதில் 400, படுத்தாததில் 400 எண்ணி, நூறு நூறாக ஈரத்துணியிற் பரப்பி முளைத்தவற்றை எண்ணுக. சான்று விதைக்கு நெல்லில் 80 சதவிகிதமும் வேர்க்கடலையில் 70 சதவிகிதமும் குறைந்த அளவாக வைக்கப்பட்டுள்ளன. பதப்படுத்தாத விதையே 90 முளைக்குமாயின், கருவிக்கு அங்கே வேலை சிறிது.

சோதனையில் தேறினாலும் முன்பணம் அளித்தல் ஆகாது. துணியைப்பற்றி 1956இல் கோயமுத்தூரில் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கத்திற்கும், விதையைப்பற்றிக் கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதைத்துறைக்கும் எழுதிக் கேட்கலாம். கவரைப்பேட்டையிலேயே பொறியியல் கல்லூரி உள்ளது. நம் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். பழைய அடுப்பைப் பிரிக்க எண்ணிய இளைஞர், ஆசிரியர்களின் மேற்பார்வையில், முறையான காப்புகளுடன் இத்துறையைக் கற்பாராயின் அவ்வார்வம் நற்பயன் தரும்.

அன்பர்களே, புதுமையை வெறுத்தல் கூட்டுறவின் இயல்பன்று. பறக்கும் நாடாவையும் மின்பம்பையும் நம் முன்னோர் அஞ்சாது ஏற்றனர். ஏற்குமுன் ஒருவர் தறியிலும் ஒருவர் கிணற்றிலும் பொருத்திப் பார்த்து, ஊரார் கூடி நின்று கண்டபின்னரே ஏற்றனர். குளிர்ந்த பிளாஸ்மாவுக்கும் அவ்விதியே பொருந்தும். அகன்ற பரப்பில் மலிவாக ஒளிரும் கருவி ஒருநாள் நம் சாயப்பட்டறைகளில் நீரையும் விறகையும் மிச்சப்படுத்தக்கூடும். அந்நாள் வருமாயின் நம் சங்கமே முன்னின்று அதனை வரவேற்கும். அதுவரை, அடுத்த வாரக் குழுக் கூட்டத்திற்கு வருவோர் ஒரு முழம் காடாத் துணியும், நொடிமுள் உள்ள கடிகாரமும் கொண்டுவருக. துளிச் சோதனையை அனைவரும் கூடிச் செய்து பார்ப்போம்.